கூதல் நாட்டு இரும்பு

எங்கட குழுவில் ஒருத்தரின் பெரியப்பா ரொறொன்ரோவில் இருக்கிறார். போன மார்கழியில் வீடியோவில் கதைக்கும்போது சுவரோரம் இருந்த ஒரு சாமானைக் காட்டினார். இடுப்பளவு உயரம், மாட்டு விலா எலும்பை நிமிர்த்தி அடுக்கி வைத்த மாதிரி இரும்பு வரிசை, மேலே வெள்ளிப் பூச்சு. "இது என்ன பெரியப்பா, பழைய தண்ணிப் பம்பா?" என்று கேட்டோம்.

"ஹீற்றர் மகன். வீட்டோட வயசு இதுக்கு, நூறு வருசம் இருக்கும். இதக் கழட்டி எறியச் சொல்றானுகள்."

கச்சான் காற்று அனலாய் அடிக்கும் வாவிக்கரையில் வளர்ந்த எங்களுக்கு, காசு கொடுத்து வீட்டைச் சூடாக்குவது என்பதே ஒரு பகிடி. மார்கழி வாடைக்கு ஒரு போர்வை, கூடிப்போனால் ஒரு இஞ்சித் தேத்தண்ணி, அவ்வளவுதான் எங்கட கூதல். ஆனாலும் அந்த இரும்பைப் பற்றித் தேடத் தொடங்கினபோது, அது எங்களுக்கு அவ்வளவு அந்நியம் இல்லை என்று விளங்கியது. பெரியப்பா அதைக் கழற்ற மறுத்ததற்கும் ஒரு ஊர்க்காரணம் இருந்தது.

அவர் இளவயதில் வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் பொயிலர்ப் பகுதியில் வேலை செய்தவர். ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் திட்டமிடப்பட்டு, 1956இல் ஓடத் தொடங்கிய ஆலை அது. மட்டக்களப்பு வயல்களின் வைக்கோலை அவித்துக் கூழாக்கிக் கடதாசி செய்தார்கள். ஈரக் கடதாசியைக் காயவைப்பது எப்படி? கடதாசி இயந்திரங்களில் உள்ளே கூடான பெரிய வார்ப்பிரும்பு உருளைகள் வரிசையாகச் சுழலும். பொயிலரிலிருந்து வரும் நீராவி அவற்றுக்குள் புகுந்து இரும்பைச் சூடாக்கும். ஈரத்தாள் ஒவ்வொன்றின் மேலும் ஏறி இறங்கிக் காயும். சூட்டைக் கொடுத்த ஆவி உள்ளேயே தண்ணீராகிவிடும், அதை வெளியே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ரேடியேற்றர் என்று கூதல் நாடுகளில் சொல்வதும் இதே வேலையைத்தான் செய்கிறது. இங்கே காய்வது தாள், அங்கே காய்வது மனிதர்.

1986 ஆவணியில் கனடாவின் நியூபவுண்லாந்துக் கரையோரம் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை அந்த ஊர் மீனவர்கள் கரைசேர்த்த கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரியப்பா போனது அதற்கு அடுத்த வருசம், விமானத்தில். முதல் மாரிகாலம் ஒரு பழைய செங்கல் கட்டடத்தில் ஏழு பேர் ஒரே அறையில். இரண்டாம் நாள் விடியப்புறம் அறைக்குள் 'டங், டங்' என்று வெடித்ததுபோல் சத்தம். ஊரில் அடிபட்டு, சுற்றிவளைப்புகளுக்குத் தப்பி வந்த பொடியன்கள் எல்லாரும் கட்டிலுக்குக் கீழே. பெரியப்பா மட்டும் எழும்பிப்போய் அந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தாராம். ஆவி ஓடும் குழாயில் குளிர்ந்து தேங்கிய தண்ணீரை, பின்னால் வரும் ஆவி வாரிக்கொண்டுபோய் வளைவில் மோதும் சத்தம் அது. வாழைச்சேனையில் தினமும் கேட்ட 'வாட்டர் ஹமர்'. "டேய், தண்ணிடா. வெளிய வாங்க" என்றாராம். அதைச் சொல்லிவிட்டு அவர் சிரிக்கிறார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெந்நீரை ஓடவிட்டுச் சூடாக்கும் எண்ணம் முதலில் மனிதருக்காக வந்ததல்ல. 1777இல் பிரான்சில் பொன்மேன் என்பவர் முட்டைகளைப் பொரிக்க வைக்கும் கூட்டைச் சூடாக்க இந்த முறையைப் பயன்படுத்தினார். கோழிக்குஞ்சுக்குக் கிடைத்த வசதி மனிதரின் அறைக்குள் வர நெடுநாள் எடுத்தது. 1850களின் நடுவில் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் பட்டறை வைத்திருந்த பிரான்ஸ் சான் கலி வார்ப்பிரும்பில் ரேடியேற்றர் செய்தார். 1870களில் அமெரிக்காவில் நெல்சன் பண்டி போன்றவர்கள் வளையம் வளையமாக வார்த்து ஒன்றோடொன்று பொருத்தும் வகையைக் கொண்டுவந்தார்கள். பிறகு அது பெரிய வியாபாரம். 1892இல் பல கொம்பனிகள் சேர்ந்து அமெரிக்கன் ரேடியேற்றர் கொம்பனி ஆனது. ரொறொன்ரோவிலேயே வார்ப்பட்டறைகள் இருந்தன. பெரியப்பா வீட்டு இரும்பின் பக்கத்தில், பூச்சுக்குக் கீழே 'சாஃபோர்ட்' என்று எழுத்துப் புடைத்து நிற்கிறது. அது ரொறொன்ரோ வார்ப்பு. அவரை விட அந்த இரும்புக்குத்தான் அந்த ஊரில் பூர்வீகம் கூட.

அந்தக் காலத்தில் பம்ப் கிடையாது. நிலவறையில் பொயிலர், அதிலிருந்து தொடை மொத்தத்தில் குழாய்கள். சூடான தண்ணீர் பாரம் குறைந்து மேலே ஏறும், அறைகளில் சூட்டை விட்டுவிட்டுக் குளிர்ந்து பாரமாகிக் கீழே இறங்கும். பானையில் கஞ்சி கொதிக்கும்போது பருக்கை மேலும் கீழும் சுழல்வதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். பம்ப் வந்த பிறகு குழாய்கள் ஒல்லியாகின. பிறகு சூடான காற்றை ஊதும் இயந்திரங்கள் வந்தன. மூலையில் இருந்த இரும்பு பழைய இரும்புக் கடைக்குப் போகத் தொடங்கியது.

இந்த ரேடியேற்றர்கள் ஏன் இவ்வளவு பெரிசு? சுவர்களில் வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு கிடையாது, ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி. இது ஒரு காரணம். மற்றது பயம். மூடிய அறையின் கெட்ட காற்றுத்தான் நோயைத் தருகிறது என்று 19ஆம் நூற்றாண்டில் பலர் நம்பினார்கள். 1918இன் பெரும் காய்ச்சல் அந்தப் பயத்தைக் கூட்டியது. உறைபனியிலும் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார்கள். திறந்த ஜன்னலுக்கும் ஈடுகொடுக்கும்படி இரும்பைப் பெருப்பித்தார்கள். தேவைக்கு மிஞ்சின இரும்பு என்று இன்றைக்குப் பழிக்கப்படுவது அந்தப் பயத்தின் மிச்சம்.

இப்போதுதான் கதை திரும்புகிறது. பெரியப்பாவின் வீட்டுச் சுவருக்குப் பஞ்சு அடைத்தாயிற்று, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டாயிற்று. வீடு இழக்கும் வெப்பம் நன்றாகக் குறைந்துவிட்டது. 75 பாகை தண்ணீர் ஓடும்போது அந்த இரும்பு கொடுக்கும் வெப்பத்தில், 50 பாகை தண்ணீர் ஓடினால் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். தேவையும் பாதியாகிவிட்டால் அது கிட்டத்தட்டப் போதும். புதிய வகை எரிவாயுப் பொயிலர்கள் புகையில் உள்ள நீராவியையும் குளிரவைத்து அதன் சூட்டை மீட்பவை. அது நன்றாக நடக்க, திரும்பி வரும் தண்ணீர் ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். சின்ன, நவீனத் தகட்டு ஹீற்றருக்கு அந்த இளஞ்சூடு காணாது. பெரிய பழைய இரும்புக்குக் காணும். மின்சாரத்தில் ஓடும் வெப்பப் பம்புகளுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீர்தான் தோது. நூறு வருசத்துக்கு முந்தின பயம் இன்றைய சிக்கனத்துக்கு உதவுகிறது. இதைக் கணக்குப் பார்க்காமல் "பழசு, எறியுங்கோ" என்று சொல்லும் வேலைக்காரரை நாங்கள் நம்ப மாட்டோம்.

துரு? உப்புக்காற்றில் கேற்றும் கிராதியும் ஆறு வருசத்தில் உதிர்வதைப் பார்க்கிற எங்களுக்கு அதுதான் முதல் கேள்வி. துருவுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, ஒட்சிசனும் வேண்டும். மூடிய குழாய்க்குள் அதே பழைய தண்ணீர் சுற்றினால் அதிலுள்ள ஒட்சிசன் விரைவில் தீர்ந்துவிடும், துரு ஏறக்குறைய நின்றுவிடும். அந்தத் தண்ணீர் கறுப்பாக, நாற்றமாக இருக்கும். அதைக் கண்டு அருவருத்து வருசாவருசம் மாற்றுகிறவர்கள்தான் இரும்பைக் கொல்கிறார்கள். ஒட்சிசனை உள்ளே விடும் மலிவான பிளாஸ்டிக் குழாயைப் புதிதாகப் பொருத்துவதும் அதே பிழை.

பெரியப்பா ஒவ்வொன்றாகச் சோதித்தார், நாங்கள் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆவிக்காக மட்டும் வார்த்த சில வகைகளில் வளையங்கள் கீழே மட்டும்தான் இணைந்திருக்கும், அவற்றில் வெந்நீர் சரியாகச் சுற்றாது. இவரிடம் இருந்தவை மேலும் கீழும் இணைந்தவை. வெள்ளி, வெண்கலப் பூச்சு இரும்பு வீசும் வெப்பத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். அதைச் சுரண்டத் தேவையில்லை, மேலே சாதாரணப் பூச்சு ஒன்று அடித்தாலே போதும். பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்பதால் தேய்த்துத் தூசி கிளப்பவும் கூடாது. பிறகு சின்னச் சாவியால் மேலே அடைபட்ட காற்றை வெளியே விட்டார். 'ஸ்ஸ்' என்று வந்து, கடைசியில் கறுப்புத் தண்ணீர் துப்பியது.

ஒன்பதில் எட்டுத் தேறின. பின்னறையில் இருந்த ஒன்று முன்னொரு மாரியில் உள்ளே தண்ணீர் உறைந்து வெடித்திருந்தது. வார்ப்பிரும்பு வளையாது, பிளக்கும். அதைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

ரொறொன்ரோவில் கூதல் மாதங்களில், வாடகை அறையின் வெப்பத்துக்குப் பொறுப்பான வீட்டுக்காரர் அதை 21 பாகைக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது மாநகர விதி. ஏழு பேர் இருந்த அந்த அறையில் இப்படியொரு விதியை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இப்போது பெரியப்பாவின் மேல்மாடியில் இரண்டு மாணவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள், ஒருத்தர் களுவாஞ்சிக்குடி. குழாயில் சத்தம் வந்தால் பயப்படாமல் தன்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாராம்.

போன கிழமை அவர் எங்களிடம் ஒன்று கேட்டார். "வாழைச்சேனையில அந்த உருளையெல்லாம் இன்னும் கிடக்கா, மகன்? ஒருக்காப் போய்ப் பாத்துச் சொல்லுங்க. படம் எடுக்க விட்டா எடுத்தும் அனுப்புங்க."

வாற சனிக்கிழமை போகிறோம்.