த்சோங்கா அரசு

திபெத்திய உலகின் வடகிழக்கு விளிம்பில், இன்றைய சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில், 11ஆம் நூற்றாண்டில் எழுந்த அரசு. ஹுவாங்ஷுய் ஆற்றுப் பள்ளத்தாக்கு இதன் மையம். லாசாவைச் சுற்றியே எழுதப்படும் திபெத் வரலாறுகளில் இதற்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. நாம் அறிவதில் பெரும்பகுதி சீனப் பதிவுகள் தந்தது.

9ஆம் நூற்றாண்டின் நடுவில் திபெத்தியப் பேரரசு சிதைந்ததும் இப்பகுதி குலத்தலைவர்களின் கைக்குப் போனது. நடுத் திபெத்திலிருந்து தப்பி வந்த துறவிகள் பௌத்தத் தீட்சை மரபை இங்கே காத்தனர். மக்களிடம் அவர்களுக்குச் செல்வாக்கு இருந்தது; குலங்களை ஒரு குடைக்கீழ் கொண்டுவரவோ பழைய அரச வமிசத்தின் பெயர் தேவைப்பட்டது. அவ்வமிசத்தவன் எனப்பட்ட கூசிலுவோ (997–1065) சிறுவனாக மேற்கிலிருந்து அழைத்து வரப்பட்டான். துறவி லி லிசுன், குலத்தலைவன் வென் பூச்சி இருவரும் அவனை அரியணையில் ஏற்றி, அதிகாரத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். துறவி என்று பதிவுகள் சொல்லும் லி, தன் மகளையே அரசனுக்கு மணமுடித்தும் வைத்தார்! 1032இல் வென் பூச்சி அரசனைக் குழியில் அடைத்தான். காவலன் ஒருவன் விடுவிக்க, கூசிலுவோ வென் பூச்சியைக் கொன்றுவிட்டுச் சிங்தாங் நகரைத் தலைநகராக்கினான்.

அடுத்த சில ஆண்டுகளில் அண்டை அரசான தாங்குத்தியரின் மன்னன் யுவான்ஹாவ் படையெடுத்தான். அவன் வீரர்கள் ஆற்றில் ஆழமற்ற துறையைக் கொடி நட்டுக் குறித்திருந்தனர். கூசிலுவோவின் ஆட்கள் கொடிகளை மறைவாக ஆழத்துக்கு மாற்ற, பின்வாங்கிய படையில் பலர் மூழ்கினர்.

அரசை வளர்த்தது இந்த வெற்றியைவிட வணிகமே எனலாம். ஹெக்ஸி பாதையைத் தாங்குத்தியர் கைப்பற்றியதால், கோட்டான், உய்குர் வணிகக் கூட்டங்கள் தெற்கே திரும்பிச் சிங்தாங் வழியாகச் சீனா சென்றன. குதிரைக்குத் தவித்த சொங் பேரரசு பட்டும் தேயிலையும் கொடுத்துக் குதிரை வாங்கியது; தாங்குத்தியருக்கு எதிரான துணையாகவும் இவ்வரசைப் பேணியது. சிங்தாங்கின் கிழக்குப் பாதியில் அயல்நாட்டு வணிகர் பல நூறு குடும்பங்களாக வாழ்ந்தனர். மேற்குப் பாதியில் அரண்மனையும், முத்துப் பதித்த பொன்முலாம் புத்தர் சிலையும் இருந்தன. பெரிய காரியம் எதுவானாலும் துறவிகளைக் கூட்டியே முடிவெடுத்தனர்.

கூசிலுவோ உயிரோடிருக்கும்போதே மூத்த புதல்வர் இருவர் பிரிந்து போயினர். இளையவன் தொங்ஜானுக்குப்பின் பட்டம் பெற்ற அலிகு கோட்டானில் பிறந்த வளர்ப்பு மகன்; வமிசப் பெயரால் குலங்களைக் கட்டிய அரசுக்கு இது பெரும் பலவீனம். உட்பூசல் முற்றிய 1099இல் சொங் படை சிங்தாங்கில் நுழைந்தது. அடுத்த ஆண்டே நகரைக் கைவிட்ட சொங், 1104இல் மீண்டும் கைப்பற்றி, ஷினிங் எனப் பெயரிட்டது. திபெத்தியப் பௌத்தத்தின் கெலுக் பிரிவை நிறுவிய த்சோங்காபா 1357இல் பிறந்தது இந்த வட்டாரத்தில்தான்.