உடலே கருவி: தண்டாலும் பஸ்கியும் கூறும் வரலாறு

உடல் வலிமையைப் போற்றாத சமுதாயம் உலகிலே காண்டல் அரிது. பண்டைத் தமிழரும் அதனைப் பெரிதும் போற்றினர். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வென்ற செய்தியைச் சாத்தந்தையார் புறநானூற்றிலே பாடியுள்ளார். பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் விருதினைப் பூண்டான்; அப்பெயர் மாமல்லபுரத்திலே இன்றும் நிலைத்து நிற்கின்றது. ஆயினும், அம்மல்லர் தம் தோளையும் தொடையையும் எவ்வாறு உருவாக்கினர், எத்தனை ஆண்டு உழைத்தனர் என்பவற்றை இத்தகைய பாடல்களும் விருதுப் பெயர்களும் எடுத்துரைப்பதில்லை. வெற்றி பாடுபொருளாயிற்று, வெற்றிக்கு முந்திய வைகறைகள் பாடுவாரின்றி மறைந்தன. அவ்வைகறைகளின் வரலாற்றை அறிய விழைவோர், அப்பயிற்சி மரபு அறாது தொடர்ந்த வட இந்தியாவையும் மகாராட்டிரத்தையும் நோக்குதல் வேண்டும்.

இந்திய மல்லரின் பயிற்சிக்கு அடிப்படையாய் அமைந்தவை இரண்டு. ஒன்று தண்டால்; மற்றையது வட இந்தியர் பைட்டக் என்றும் தமிழர் பஸ்கி என்றும் வழங்குவது. கைகளையும் பாதங்களையும் நிலத்தில் ஊன்றி, இடுப்பை உயர்த்தி, மார்பை நிலத்துக்கு அருகாகத் தாழ்த்தி முன்னே செலுத்தி, தலையை நிமிர்த்தி, மீண்டும் முன்னைய நிலைக்கு வருவது மல்லரின் தண்டால். குதிகால் எழும்ப முழுதாகக் குந்தி, கைகளை வீசி, விரைந்து எழுவது பஸ்கி. பிள்ளையார் திருமுன் தோப்புக்கரணம் இடும் நம்மவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. முன்னையது மார்பையும் தோளையும் கையையும் முதுகையும் வளர்க்கும். பின்னையது தொடையையும் கெண்டைக்காலையும் மூச்சின் ஆற்றலையும் வளர்க்கும். இவ்விரண்டுக்கும் வேண்டிய கருவி மனிதனது உடலின் பாரம் ஒன்றே. இடமோ ஓர் ஆள் நீட்டி நிமிரும் அளவான நிலமே.

இம்மரபின் பழைமைக்கு நூற்சான்றுகள் உள. கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல், மல்ல விநோதம் பற்றிக் கூறுமிடத்து மல்லரின் வகைகளையும் அவர்தம் உணவையும் பயிற்சியையும் விளக்குகின்றது. கூர்ச்சரத்து மல்லர் குலத்தவருக்குரிய மல்லபுராணம் என்னும் நூலும் பயிற்சி வகைகளைத் தொகுத்துரைக்கின்றது. இவற்றினும் முந்திய சுசுருத சங்கிதை, உடற்பயிற்சியின் பயன்களை எடுத்தோதிய பின்னர், ஒருவன் தன் வலிமையின் பாதியளவே நாள்தோறும் செலவிடுதல் வேண்டும் என்று வரையறுக்கின்றது. அளவிறந்த பயிற்சி நோய்க்குக் காரணமாகும் என்றும் எச்சரிக்கின்றது. இவ்விதி ஆழ்ந்து சிந்திக்கற்பாலது. இன்று முழு வலிமையையும் செலவிட்டவன் நாளைக்கு வாரான். பாதியைச் சேமித்தவனே மறுநாளும் வருவான். தொடர்ச்சியே வலிமையின் வித்து என்பதைப் பழைய மருத்துவர் நன்கு உணர்ந்திருந்தனர்.

இப்பயிற்சி நிகழ்ந்த களம் அகாடா எனப்பட்டது. மஞ்சள், எண்ணெய், மோர் முதலியன கலந்து பண்படுத்திய மண்ணே அதன் தளம். ஓரத்திலே அனுமானின் திருவுருவம் இருப்பது வழக்கு. வைகறையில் எழுந்து, குருவை வணங்கி, மண்ணைக் கொத்தி, எண்ணிக்கை தவறாது தண்டாலும் பஸ்கியும் செய்து, பின்னரே மல்லர் ஒருவரோடொருவர் பொருதனர். கதை, கர்லா, கல் வளையம் ஆகியவற்றையும் அவர்கள் கையாண்டனர் என்பது உண்மையே. எனினும் அவை துணைக் கருவிகளாகவே இருந்தன; அடிப்படை உடலின் பாரமே. சமய வேறுபாடும் இக்களத்திலே பெரிதாக நிற்கவில்லை. இந்து மல்லரும் முஸ்லிம் மல்லரும் ஒரே முறையைப் பின்பற்றினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இம்மரபுக்கு ஒரு சோதனை வந்துற்றது. ஆங்கில ஆட்சியாளர் சிலர் இந்தியரை, சிறப்பாக வங்காளியரை, உடலால் மெலிந்தோர் என இகழ்ந்தனர். மெக்காலே 1841 ஆம் ஆண்டிலே வாரன் ஹேஸ்டிங்ஸ் பற்றி எழுதிய கட்டுரையில் இவ்விகழ்ச்சி வெளிப்படையாகவே காணப்படுகின்றது. அதன் பின்னர் இந்திய இளைஞர் பலர் உடல் வலிமையை நாட்டின் மானத்தோடு இணைத்து எண்ணத் தலைப்பட்டனர். இந்நிலையிலே, ஐரோப்பாவில் டம்பெல் பயிற்சியாலும் தசையழகுக் காட்சிகளாலும் பெரும் புகழ் ஈட்டிய யூஜின் சாண்டோ 1904, 1905 ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். கற்றோர் பலர் அவர் முறையை நாடினர். பழைய அகாடாப் பயிற்சி நாட்டுப்புறத்தாரின் வழக்கம் என ஒதுக்கப்படும் நிலையும் ஏற்பட்டது.

அப்பழைய பயிற்சியின் ஆற்றலை உலகறியச் செய்தவர் காமா என்னும் மல்லர். பஞ்சாபிலே குடியேறிய காஷ்மீர மல்லர் குடும்பமொன்றில் 1878 ஆம் ஆண்டு பிறந்த குலாம் முகம்மதுவே அப்பெயரால் வழங்கப்பெற்றார். இளமையிலேயே தந்தையை இழந்த அவரை உறவினரான மல்லர் வளர்த்துப் பயிற்றினர். 1888 ஆம் ஆண்டில் ஜோத்பூர் அரசர் நடத்திய பஸ்கிப் போட்டியிலே, நானூற்றுக்கு மேற்பட்ட மல்லர் நடுவே, பத்து வயதுச் சிறுவனாகிய அவர் இறுதிவரை நின்ற சிலருள் ஒருவராய் விளங்கினார் என்றும், அவரது வயதை நோக்கி அரசர் அவரையே வெற்றியாளராக அறிவித்தார் என்றும் கூறுவர். முதிர்ந்த பருவத்திலே நாள்தோறும் மூவாயிரம் தண்டாலும் ஐயாயிரம் பஸ்கியும் செய்தார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி. எண்ணிக்கையில் ஏற்றம் இருக்கலாம். ஆனால் அச்சிறுவன் ஒரே நாளிலே அவ்வெண்ணிக்கையை எய்தவில்லை என்பதில் ஐயமில்லை. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏறிய படிகளே அவை.

1910 ஆம் ஆண்டிலே காமா இலண்டன் நகரை அடைந்தார். அவருடைய உயரம் ஏறத்தாழ ஐந்தடி ஏழங்குலம். எடை ஏறத்தாழ 200 இறாத்தல். உயரம் போதாது எனக் காட்டி, அங்கு நடைபெற்ற போட்டியில் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தனர். அவர் எல்லா மல்லரையும் பொதுவாக அறைகூவினார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்க மல்லர் றோலரை வென்றார். செப்டெம்பர் 10 ஆம் நாள், போலந்து நாட்டவரும் எடை மிகுந்தவருமாகிய ஸ்பிஸ்கோவோடு இரண்டரை மணிநேரத்துக்கு மேலாகப் பொருதார். ஸ்பிஸ்கோ பெரும்பொழுது நிலத்தோடு ஒட்டிக் கிடந்து தற்காத்தமையால் அப்போட்டி முடிவின்றி நின்றது. மீண்டும் பொருதற்குக் குறித்த செப்டெம்பர் 17 ஆம் நாள் ஸ்பிஸ்கோ களத்துக்கு வரவில்லை. காமாவே வெற்றியாளர் ஆனார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1928 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், பாட்டியாலா அரசரின் ஆதரவிலே இருவரும் மீண்டும் சந்தித்தபொழுது, ஒரு நிமிடம் நிறைவதற்குள் காமா அவரை வீழ்த்தினார். அப்போது காமாவின் வயது ஐம்பதை அணுகிக்கொண்டிருந்தது. ஓரிரு ஆண்டுகளில் ஊதிப் பெருத்த உடல் அத்தகைய முதுமை வரை நின்று பயன் தருதல் அரிது. சிறுவயது தொட்டு நாளும் கட்டியெழுப்பிய உடலே அவ்வாறு நிற்கும்.

எனினும் இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. மல்லரின் வாழ்வு அரசரின் கொடையை நம்பி நின்றது. நாளொன்றுக்குப் பல மணிநேரம் பயிலவும், அதற்கேற்பப் பாலும் நெய்யும் வாதுமையும் உண்ணவும் ஓர் அரண்மனையின் செல்வம் வேண்டியிருந்தது. 1947 ஆம் ஆண்டுப் பிரிவினையின் பின் அவ்வரசுகள் மறைந்தன. லாகூரில் வாழ்ந்த காமா தம் இறுதி ஆண்டுகளை நோயிலும் வறுமையிலும் கழித்து, 1960 ஆம் ஆண்டு மே மாதத்தில் உயிர் நீத்தார். ஒருவரை வெல்லற்கரிய வீரராக்கிய அம்முறை, ஊரார் அனைவர்க்கும் உரியதாகவில்லை. வயலிலும் பட்டறையிலும் பள்ளியிலும் உழைப்போர்க்கு மூவாயிரம் தண்டாலால் ஆகும் பயன் யாது என்னும் வினா எஞ்சி நின்றது.

அவ்வினாவுக்கு விடை தேடியவர் ஒரு சிற்றரசர். இன்றைய மகாராட்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தைச் சேர்ந்த ஔந்து என்னும் ஊரைத் தலைநகராகக் கொண்ட சமத்தானத்தை 1909 ஆம் ஆண்டு முதல் ஆண்ட பவானராவ் பந்த் பிரதிநிதி என்பவரே அவர். முன்பு சாண்டோவின் முறையிலே கருவிகள் கொண்டு பயின்ற அவர், பின்னர் அவற்றை விடுத்துச் சூரிய நமஸ்காரத்தை மேற்கொண்டார். நின்று, குனிந்து, கால்களைப் பின்னே நீட்டி, நிலத்திலே தாழ்ந்து, மார்பை நிமிர்த்தி எழும் அவ்வரிசையின் நடுப்பகுதி மல்லரின் தண்டாலையே பெரிதும் ஒத்திருப்பது நோக்கத்தக்கது. ஆகவே அரசர் கண்டது முற்றிலும் புதியதொன்றன்று. அகாடாவின் மண்ணிலே கிடந்த பயிற்சியைச் சிறிய அளவிலே, மூச்சோடும் வழிபாட்டோடும் இணைத்து, யாவர்க்கும் எளிதாக்கினார். தம் சமத்தானத்துப் பாடசாலைகளில் அதனைக் கட்டாயமாக்கினார். பெண்களும் முதியோரும் செய்தல் வேண்டுமென வற்புறுத்தினார். 1928 ஆம் ஆண்டிலே இது குறித்து நூல் வெளியிட்டார். 1938 ஆம் ஆண்டிலே ஆரோக்கியத்துக்குப் பத்து நிலை வழி எனப் பொருள்படும் ஆங்கில நூல் இலண்டனில் அவர் பெயரால் வெளிவந்தது. இவரே 1939 ஆம் ஆண்டிலே தம் ஆட்சியுரிமையை மக்களுக்கு வழங்கி, ஊராட்சிகளை அடிப்படையாகக் கொண்ட அரசியலமைப்பை ஏற்றவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. வலிமையையும் அதிகாரத்தையும் ஒரு சிலரிடம் குவியவிடாது பலர்க்கும் பகிர்ந்தளித்தமை அவர் வாழ்வின் சிறப்பாகும்.

இதே காலப்பகுதியில் மேனாடுகளிலும் இத்தகைய சிந்தனை தோன்றியது. டென்மார்க் நாட்டு முல்லர் என்பவர் 1904 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், கருவியின்றி நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் பயிலும் முறையை வகுத்துப் பல மொழிகளிலும் பரவியது. கனடா நாட்டு விமானப்படைக்காக ஓர்பன் என்பவர் 1950 ஆம் ஆண்டுகளில் வகுத்த திட்டம், ஐந்து பயிற்சிகளைப் பதினொரு நிமிடத்தில் முடிப்பது; அதனிலும் வயதுக்கேற்ற படிகள் வகுக்கப்பட்டன. வெவ்வேறு நாடுகள் ஒரே முடிவுக்கு வந்தமை தற்செயலன்று. மனித உடலின் இயல்பே அவர்களை அம்முடிவுக்கு இட்டுச் சென்றது.

அவ்வியல்பை இன்றைய உடலியல் தெளிவாக விளக்குகின்றது. பயிற்சி தொடங்கிய முதற்சில கிழமைகளில் வலிமை கூடுமாயினும் தோற்றம் பெரிதும் மாறுவதில்லை. அப்போது நரம்புகளே தசைகளை ஒருங்கு இயக்கக் கற்றுக்கொள்கின்றன. அதன் பின்னரே தசை நார்கள் பருத்து வடிவம் மாறத் தொடங்கும். கண்ணாடியிலே மாற்றம் காணாது முதல் மாதத்திலே பயிற்சியைக் கைவிடுவோர், பயிர் முளைக்குமுன் வயலை விட்டு நீங்கும் உழவரை ஒப்பர். மேலும், தசை வளர்வது பயிலும் வேளையிலன்று. உணவும் உறக்கமும் பெற்று ஓய்ந்திருக்கும் வேளையிலேயே. பழைய மருத்துவர் விதித்த பாதியளவு என்னும் வரம்பின் உட்பொருள் இதனால் விளங்கும்.

உடலின் பாரமே கருவியாயின், பாரத்தைக் கூட்டுவது எங்ஙனம் என்று சிலர் ஐயுறுவர். சாதாரணத் தண்டாலிலே கைகள் தாங்குவது உடலெடையின் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு. முழங்காலை ஊன்றினால் அது குறையும். சுவரிலே கை வைத்துச் செய்தால் இன்னும் குறையும். பாதங்களை வாங்கின் மேல் உயர்த்தினால் கூடும். எனவே நலிந்தோனும் வலியோனும் தத்தம் படியிலே நின்று தொடங்கலாம். இன்று ஐந்து செய்தவன் அடுத்த கிழமை ஆறு செய்வானாயின், ஓராண்டின் இறுதியிலே அவன் வேறோர் உடலை உடையவனாவான். இதிலே மறைபொருள் யாதுமில்லை. மறவாமை ஒன்றே வேண்டும்.

காமாவின் வழியும் ஔந்து அரசரின் வழியும் அளவினால் வேறுபட்டன, முறையினால் ஒன்றுபட்டன. இரண்டும் வைகறையில் தொடங்கின; இரண்டும் எண்ணிக்கையைக் காத்தன; இரண்டும் ஆண்டுகளை அஞ்சவில்லை. பாடசாலைகளைப் பொறுத்தவரை பின்னையதே பொருத்தமுடையது. விளையாட்டுப் போட்டிக்கு முந்திய சில கிழமைகளில் மட்டும் மைதானத்துக்கு வரும் மாணவன் பரிசு பெறலாம். வாழ்நாள் முழுதும் நிற்கும் உடலைப் பெறுதல் அரிது. பரிசு பெறும் சிலரைப் பயிற்றுவதோடு கல்லூரியின் கடமை முடிந்துவிடுவதுமில்லை. பின்வரிசையிலே ஒதுங்கி நிற்கும் மெலிந்த மாணவனுக்கே தேகாப்பியாசம் பெரிதும் உரியது. கருவி வாங்கப் பணமில்லை, இடமில்லை என்னும் சாட்டுகளை வரலாறு ஏற்றுக்கொள்ளவில்லை. ஓர் ஆள் நீட்டி நிமிரும் அளவான நிலம் எவ்வீட்டிலும் உண்டு; அந்நிலத்திலே நாளைக் காலையும் மறுநாட் காலையும் இறங்குவோர்க்கு உடல் தானே கருவியாகும்.