வெள்ளைக்காரப் பையன்களும் வெள்ளை லெகார்ன் கோழியும்

போன மாசம் எங்க ஊருக்கு வேளாண் கல்லூரிப் பிள்ளைகள் எட்டுப் பேர் வந்து தங்கினாங்க. கடைசி வருஷப் படிப்பில், கிராமத்தில் தங்கி விவசாயிகளோட பழகணும்னு அவங்களுக்கு ஒரு பாடமே இருக்கு. அதில் ஒரு பொண்ணு எங்க கோழிப்பண்ணைக்கு வந்த முதல் நாளே, "ஐயா, உங்களுக்கு நாங்க என்ன சொல்லித் தரணும்?" என்று கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தஞ்சு வருஷமா கோழியோட புழங்கறவன்கிட்ட இப்படி ஒரு கேள்வி.

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பொண்ணாவது கேட்டது. போன வருஷம் நான் கொல்லிமலைக்குப் போனபோது கேட்காமலே சொல்லிக்கொடுத்துவிட்டு இறங்கி வந்தவன். அதைக் கடைசியில் சொல்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு வேற ஒரு பழைய கதையை ஞாபகப்படுத்திவிட்டது. நாமக்கல் பக்கத்துக் கோழிக்காரங்களுக்கே அது அவ்வளவாகத் தெரியாது. ஒரு காலத்தில் அமெரிக்க அரசாங்கம் தன் செலவில் இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயசுப் பையன்களையும் பெண்களையும் இந்தியக் கிராமங்களுக்கு அனுப்பிக் கோழி வளர்க்கச் சொல்லிக்கொடுத்தது. பீஸ் கோர் என்று பேர். தமிழில் அமைதிப்படை என்று போடலாம்தான். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டால் நமக்கு 1987-ல் இலங்கைக்குப் போன ராணுவம்தான் ஞாபகம் வரும். அதனால் பீஸ் கோர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இது ஆரம்பித்ததே ஒரு ராத்திரிப் பேச்சில். 1960 அக்டோபர் 14, விடிகாலை இரண்டு மணி. தேர்தல் பிரசாரத்தில் இருந்த கென்னடி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தனக்காகக் காத்துக் கிடந்த மாணவர் கூட்டத்தைப் பார்த்து, உங்களில் எத்தனை பேர் கானா மாதிரி நாடுகளுக்குப் போய் வேலை செய்யத் தயார் என்று கேட்டார். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு கையெழுத்து வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜெயித்து வந்தவர் 1961 மார்ச் 1-ல் உத்தரவு போட்டார். செப்டம்பரில் சட்டமே வந்துவிட்டது. தன் தங்கை வீட்டுக்காரர் சார்ஜென்ட் ஷ்ரைவரைத் தலைவராகப் போட்டார்.

இதில் தர்மம் மட்டும் இருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். ரஷ்யா தன் ஆட்களைப் புது நாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். அந்த நாடுகள் எந்தப் பக்கம் சாயும் என்ற கவலை அமெரிக்காவுக்கு இருந்தது. சட்டத்திலேயே மூன்று நோக்கம் எழுதியிருக்கிறார்கள். ஒன்று, கேட்கிற நாட்டுக்குப் பயிற்சி பெற்ற ஆள் கொடுப்பது. இரண்டாவது, அந்த மக்கள் அமெரிக்கர்களைப் புரிந்துகொள்வது. மூன்றாவது, அமெரிக்கர்கள் அந்த மக்களைப் புரிந்துகொள்வது. மூன்றில் ஒன்றுதான் வேலை. மீதி ரெண்டும் பழக்கவழக்கம். இதை வெளிப்படையாக எழுதி வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களைத் திருத்த வந்தோம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருகிறவனைவிட இது பரவாயில்லை.

போகிறவனுக்குச் சம்பளம் கிடையாது. அந்த ஊரில் சாப்பிட, தங்க அளவாகப் பணம் கொடுப்பார்கள். அதுபோக அந்தக் காலத்தில் மாசம் 75 டாலர் அவன் பேரில் சேர்ந்து, ரெண்டு வருஷம் முடிந்து ஊர் திரும்பும்போது கைக்கு வந்தது. கிளம்பும் முன் சில மாசம் மொழி, வேலை எல்லாம் பழக்குவார்கள்.

முதல் கூட்டம் 1961 ஆகஸ்டு கடைசியில் கானாவில் இறங்கியது. நைஜீரியாவில் அக்டோபரிலேயே மானம் போனது. இபாதானில் பயிற்சியில் இருந்த மார்ஜரி மிக்கெல்மோர் என்ற பெண், அந்த ஊர் ஜனங்கள் வாழ்கிற நிலைமை பார்த்து அதிர்ந்துபோய் நண்பருக்கு ஒரு தபால் கார்டு எழுதினார். கார்டு கீழே விழுந்து உள்ளூர் மாணவர்கள் கையில் சிக்கியது. ஒரே கொந்தளிப்பு. அந்தப் பெண் ஊருக்கே திரும்ப வேண்டியதாகிவிட்டது. பாவம், வேணும்னு அவமானப்படுத்தினதில்லை. ஆனாலும் நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளி நம்ம வீட்டைப் பற்றி எழுதினது நம்ம கையிலேயே கிடைத்தால் எப்படி இருக்கும்?

ஷ்ரைவர் 1961-ல் ஆதரவு கேட்டு நாடு நாடாகப் போனபோது டெல்லியில் நேருவையும் பார்த்தார். நேரு வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆகா என்று குதிக்கவும் இல்லை. உங்க இளைஞர்கள் இங்கே வந்து நிறையக் கற்றுக்கொள்ளலாம் என்கிற தொனியில் பேசியதாகச் செய்தி உண்டு. கொஞ்சம் குத்தலும் கலந்த பேச்சு. கடைசியில் டிசம்பரில் 26 பேர் பஞ்சாபுக்கு வந்தார்கள். அன்றைய பஞ்சாபில் இன்றைய ஹரியானாவும் சேர்த்தி.

பிறகு பல மாநிலங்களுக்கும் ஆட்கள் வந்தார்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கிணறு என்று பல வேலை. இதில் அதிகம் பேசப்பட்டது கோழி.

ஏன் கோழி? இதை நான் ஒரு கோழிக்காரனாகவே யோசித்துப் பார்த்தேன். பஞ்சாப் விவசாயிக்குக் கோதுமை பற்றிச் சொல்ல ஒரு காலேஜ் பையனிடம் என்ன இருக்கும்? அப்பன் பாட்டன் காலத்திலிருந்து மண்ணைத் தெரிந்தவன் ஒரு பார்வையிலேயே அவனை எடைபோட்டுவிடுவான். ஆனால் கோழியைக் கொட்டகை போட்டு நூற்றுக்கணக்கில் அடைத்து வளர்ப்பது அப்போது இங்கே கிட்டத்தட்ட எல்லாருக்கும் புதுசு. அதுவரை கோழி என்பது வீட்டுப் பொம்பளைங்க கொல்லைப்புறத்தில் விட்டு வளர்க்கிற சில்லறைக் காசு. நாட்டுக்கோழி வருஷத்துக்கு அறுபது, எழுபது முட்டை வைத்தாலே பெரிது. வெள்ளை லெகார்ன் இருநூறைத் தாண்டும். குஞ்சு இறக்கி இருபது வாரத்திலிருந்து முட்டை பார்த்துவிடலாம். ரெண்டு வருஷத்தில் கிளம்பப்போகிற ஆளுக்கு இதைவிடத் தோதான தொழில் கிடையாது.

அவர்கள் சொல்லிக்கொடுத்ததில் முக்கியம் ஆழ்கூள முறை. தரையில் உமியோ கடலைத் தோலோ நாலு, ஆறு அங்குலத்துக்குப் பரப்பி அதன் மேலேயே கோழியை விடுவது. எச்சம் கூளத்தோட கலந்து மக்கும். ஆனால் விட்டுவிட்டு உட்காரக் கூடாது, அடிக்கடி கிளறிவிடணும். ஈரம் தங்கினால் கட்டி கட்டியாகி, அம்மோனியா வாடை கண்ணைக் கரிக்கும், ரத்தக் கழிச்சல் வரும். இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்ல முடியாது. மண்வெட்டி பிடித்துக் காட்டினால்தான் உண்டு.

அவங்க அங்கே மண்வெட்டியைப் பிடிச்சாங்க. பட்டம் படிச்ச ஆள், அதுவும் வெள்ளைக்காரன், கோழி எச்சத்தைத் தானே வாரினான். ஊர் ஜனம் வேடிக்கை பார்க்கத்தான் வந்திருக்கும். ஆனால் அந்த வேடிக்கையில் ஒரு பாடம் இருந்தது. நம்ம நாட்டில் படித்தவன் கை அழுக்காகாது. 1978-ல் எங்க அப்பா 200 குஞ்சு இறக்கியபோது யோசனை சொல்ல வந்த ஒரு அதிகாரி, கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. வேலிக்கு வெளியே நின்றே சொல்லிவிட்டுப் போனார். ரெண்டாம் மாசம் வெள்ளைக் கழிச்சல் வந்து 140 கோழி போச்சு. அம்மா தாலிக்கொடியை வைத்து வாங்கின கடன். மறுமுறை அப்பாவுக்குக் கைகொடுத்தது தீவனக் கடையில் வேலை பார்த்த ஒரு அண்ணன்தான். குஞ்சு வந்த முதல் பத்து ராத்திரி கொட்டகையிலேயே எங்க அப்பாவோட படுத்துக் கிடந்தார். குஞ்சுகள் பல்புக்கு அடியில் நெருக்கினால் குளிர், விலகி ஓரத்துக்குப் போனால் சூடு என்று அவர் காட்டினதைத்தான் நான் இன்னிக்கும் பார்க்கிறேன்.

சரி, கதைக்கு வருவோம். 1965, 66-ல் அடுத்தடுத்து மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு நின்றது. அந்தச் சமயத்தில் ஜனாதிபதி ஜான்சன் காலத்து அமெரிக்கா இந்தியாவுக்கு இன்னும் நிறையத் தொண்டர்களை அனுப்பியது. ஒரே சமயத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். தவறு இங்கேதான் என்று நினைக்கிறேன். எண்ணிக்கை கூடினால் ஆளைப் பொறுக்கி எடுக்க முடியாது. வரலாறும் இலக்கியமும் படித்த பையன்களைச் சில மாசம் பழக்கிக் கோழி நிபுணர், நெல் நிபுணர் என்று அனுப்பினால் எப்படி? 1969-ல் தலைமைக்கு வந்த ஜோசப் பிளாட்ச்ஃபோர்டு இதை மாற்றப் பார்த்தார். நிஜமாகவே தொழில் தெரிந்த விவசாயி, மெக்கானிக், குடும்பஸ்தர்களைத் தேடி எடுக்க ஆரம்பித்தார்கள்.

வயசானவர்களும் வந்தார்கள். பம்பாய் விக்ரோலியில் 1966 முதல் 68 வரை நர்ஸாக வேலை பார்த்த லில்லியன் கார்ட்டருக்கு வரும்போது வயசு 68. அவர் மகன்தான் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டர்.

ஆள் மட்டும் நல்லவனாக இருந்து பிரயோஜனம் இல்லை. கோழிக்குத் தினமும் தீவனம் வேண்டும். மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, மீன் தூள் எல்லாம் அளவோடு கலந்து வரணும். குஞ்சு நேரத்துக்கு வரணும். தடுப்பூசி மருந்து குளிர் கெடாமல் வரணும். முட்டை கெடுவதற்குள் டவுனுக்குப் போகணும். ரோடும் சந்தையும் பக்கத்தில் இருந்த ஊர்களில் கோழி நிலைத்தது. இல்லாத ஊரில் வெள்ளைக்காரன் ஜீப்பும் கடுதாசியுமாக அலைகிற வரைதான் ஓடும். அவன் விமானம் ஏறினதும் கொட்டகை விறகு அடுக்கும் இடமாகிவிடும்.

இன்னொருத்தரைப் பற்றி யாருமே எழுதறதில்லை. 1952-ல் சமூக வளர்ச்சித் திட்டம் வந்ததிலிருந்து பிளாக் ஆபீசில் கிராம சேவக் என்று ஒருவர் இருந்தார். சைக்கிளில் பத்து ஊர் சுற்றுவார். விதை, உரம், கணக்கு, கூட்டம் எல்லாம் அவர் தலையில். தொண்டர் வந்தால் ஊருக்குக் கூட்டிப்போய் அறிமுகம் செய்து, மொழி சொல்லிக்கொடுக்க வேண்டியவரும் அவர் மாதிரி ஆட்கள்தான். ரெண்டு வருஷம் கழித்து அமெரிக்கன் போன பிறகு அதே சைக்கிளில் அதே பத்து ஊர். போட்டோவில் அவர் இருக்க மாட்டார்.

சந்தேகமும் கூடவே இருந்தது. சி.ஐ.ஏ. ஆட்கள் என்று பேச்சு. உளவு வேலையில் இருந்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்று பீஸ் கோர் ஆரம்பத்திலேயே விதி வைத்திருந்தது. இருந்தும் அந்தப் பேச்சு ஓயவில்லை. 1971 வங்கதேசப் போரில் அமெரிக்கா பாகிஸ்தான் பக்கம் நின்ற பிறகு இங்கே யாருக்கும் அவர்கள் மேல் பிரியம் இருக்க வாய்ப்பில்லை. எண்ணிக்கை தேய்ந்து, 1976-ல் கடைசி ஆளும் கிளம்பினார். பதினைந்து வருஷத்தில் 4,000 பேருக்கு மேல் வந்து போயிருக்கிறார்கள்.

நாமக்கல் முட்டைக்கும் அவர்களுக்கும் நேரடியாக முடிச்சுப் போட நான் தயாரில்லை. இங்கே மழை கம்மி, பூமி வறட்டுப் பூமி. லாரித் தொழிலில் கையில் காசு பார்த்தவர்களும் விவசாயிகளும் துணிந்து இறங்கியது, 1971-ல் பி.வி.ராவ் புனேயில் ஆரம்பித்த மாதிரி குஞ்சுப் பண்ணைகள் வந்தது, பேங்க் கடன், உள்ளூர்க் கால்நடை மருத்துவர்கள், தீவன மில்கள் எல்லாம் சேர்ந்துதான் இது வளர்ந்தது. அந்தப் பையன்கள் சில ஊர்களில் தீக்குச்சி உரசியிருக்கலாம். விறகு இங்கேயே இருந்தது.

இப்போ கொல்லிமலைக் கதை. போன வருஷம் மலையில் ஒரு பெண்கள் குழுவுக்கு நாட்டுக்கோழிப் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டார்கள். மூணு நாள். படம் போட்டுக் காட்டினேன், தடுப்பு மருந்தை ஐஸ் பெட்டியில் நானே எடுத்துப் போய் ஊற்றினேன், கை தட்டினார்கள், இறங்கி வந்துவிட்டேன். நாலு மாசம் கழித்து விசாரித்தால், அடுத்த தவணை மருந்து யாரும் போடவில்லை. பாதிக்கு மேல் செத்துப்போச்சு. மருந்து எங்கே கிடைக்கும், ஐஸ் யார் வைத்திருக்கிறார்கள், பஸ் எத்தனை மணிக்கு என்று எதையும் நான் கேட்டிருக்கவில்லை.

கல்லூரிப் பிள்ளைகள் கிளம்பின மறுநாள் மறுபடியும் மேலே போனேன். இந்தத் தடவை படம் கிடையாது. ஒரு தங்கச்சி வீட்டுத் திண்ணையில் எட்டு நாள் தங்கினேன். குளிர்பெட்டி வைத்திருக்கிற டீக்கடைக்காரரிடம் பேசினோம். மருந்தைக் கீழே போகிற பஸ்சில் வாங்கி வர ஒரு பையனை ஏற்பாடு பண்ணினோம். சொட்டு விடுவதை அந்தத் தங்கச்சியே எனக்கு முன்னால் முப்பது குஞ்சுக்குச் செய்து காட்டிச்சு. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்தது.

நேத்து சாயங்காலம் போன் வந்தது.

"அண்ணா, அறுபத்து மூணுக்கும் கண்ணுல சொட்டு விட்டுட்டேன். கரைச்ச மருந்து கொஞ்சம் மிச்சம் இருக்குது. பக்கத்து வீட்டுக் குஞ்சுக்கு நாளைக்கு விடலாமா?"

"வேண்டாம்மா. கரைச்சா ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிக்காது. பக்கத்து வீட்டுக் குஞ்சை இப்பவே பிடிச்சிட்டு வரச் சொல்லு."

பின்னாடி குஞ்சு சத்தமும், யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிடறதும் கேட்டது. போனை வைக்காமலே போய்விட்டது.