இந்தியாவில் பறக்கும் ஊர்வன வாழ்ந்தனவா?

அந்தி நேரத்தில் கீழ்வேளூர் வயல்களுக்கு மேலே கொக்குகள் கூடு திரும்பும். வௌவால்கள் இரை தேடிக் கிளம்பும். இவை இரண்டும் தோன்றுவதற்கு முன்பே வானில் சிறகடித்தவை டெரோசார் எனப்படும் ஊர்வன. பிள்ளைகளின் படப் புத்தகங்களில் 'பறக்கும் டைனோசர்' என்று போடுகிறார்கள். அது தவறு. இவை டைனோசர்களுக்கு உறவு, அவ்வளவுதான்.

பறவைக்கு இறகு. வௌவாலுக்கு நான்கு விரல்கள் தாங்கும் தோல். டெரோசாருக்கோ ஒரே விரல்தான்: நான்காம் விரல் மிக நீளமாக வளர்ந்து, அதிலிருந்து உடல் வரை விரிந்த தோலே இறக்கையானது. எலும்புகள் மெல்லியவை, உள்ளே வெற்றிடம் கொண்டவை. அதனால் மண்ணுக்குள் நொறுங்கிவிடும். முழு எலும்புக்கூடு கிடைப்பது அரிது. இத்தாலியில் கிடைத்து, 1973-ல் பெயரிடப்பட்ட யூடிமார்போடான் 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது.

நம் நாட்டிலும் ஒன்று இருந்ததாக 1974-ல் அறிவிப்பு வந்தது. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எஸ்.எல். ஜெயின், பிராணஹிதா - கோதாவரி பள்ளத்தாக்கின் கோட்டா பாறை அடுக்கில் கிடைத்த தாடைத் துண்டை வைத்து 'கேம்பிலோனாதாய்டிஸ் இண்டிகஸ்' என்று பெயரிட்டார். இதே பேரினத்தின் நல்ல எலும்புக்கூடுகள் ஜெர்மனியில் சுமார் 18 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளில் கிடைத்துள்ளன.

ஆனால் 2008-ல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் பாடியன் இதைக் கேள்விக்குள்ளாக்கினார். அந்தத் துண்டு டெரோசாருடையதுதானா? மீனுடையதாகவும் இருக்கலாமே! இந்த ஐயத்தைத் தள்ளிவிட முடியாது. ஏனெனில் கோட்டா சுண்ணாம்புக் கல்லில் லெபிடோட்டஸ் போன்ற மீன்களின் எச்சங்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைத்து வருகின்றன. ஆகவே 'இந்தியாவின் பறக்கும் ஊர்வன' என்று இதை வினாடி வினாவில் கேட்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்பதே நமது கருத்து. அதே கோட்டா அடுக்கில் கிடைத்த பாராபாசாரஸ் டைனோசரின் கதை வேறு. அதற்கு ஏராளமான எலும்புகள் உண்டு. ஜெயினும் சக ஆய்வாளர்களும் 1975-ல் பெயரிட்டனர். எவரும் அதை மீன் என்று சொல்லவில்லை.

நம் ஊர் மண் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல். அந்தக் காலத்துப் பாறை மேலே தெரியாது. புதைபடிவத்தை நேரில் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளை, கொள்ளிடத்தைத் தாண்டி, அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லலாம். அங்கே காணக் கிடைப்பவை பெரும்பாலும் பழங்காலக் கடல்வாழ் உயிரினங்கள்.