துரியோதனனுக்கும் ஒரு ஒப்பாரி

மட்டாஞ்சேரியில் நாலு தமிழ்க் குடும்பம் கூடினால், பேச்சு கடைசியில் பிள்ளைகளின் வீடியோ கேமில்தான் வந்து நிற்கிறது. "எந்நேரமும் சுடறதும் கொல்றதும்தான் சார், மனசு மரத்துப் போயிடாதா?"

இந்தக் கவலை புதுசில்லைங்க. 1976-லேயே 'டெத் ரேஸ்' என்ற கேமில் காரை ஏற்றி உருவங்களைக் கொல்வதற்கு அமெரிக்காவில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது.

கொலையை ஆட்டமாக்குவதும் நமக்குப் புதுசில்லை. இங்கே கதகளியில் 'துரியோதன வதம்' ஆடினால், ரௌத்திர பீமன் துச்சாதனன் குடலை உருவி, ரத்தக் கையால் பாஞ்சாலி கூந்தலை முடிவான். ஆனால் ஆட்டம் அத்தோடு முடியாது. கிருஷ்ணன் வந்து அவன் வெறியைத் தணிக்க வேண்டும்.

நம்ம பக்கம் இன்னும் ஒரு படி மேலே! செஞ்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவில் 'படுகளம்' நடக்கும். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் வேடக்காரர் தொடையில் அடித்துக் கொன்றதும், பல ஊர்களில் காந்தாரி வேடம் வந்து ஒப்பாரி வைக்கும். வில்லனே ஆனாலும் பெற்றவள் அழ வேண்டும், கொன்றதைப் பார்த்த ஊர் அந்த அழுகையையும் கேட்க வேண்டும்.

பல கேம்களில் செத்தவன் உடல் சில நொடியில் மறைந்துவிடும், பாயின்ட் மட்டும் ஏறும். வரவு எழுதியாச்சு, பற்று எழுதவே இல்லை! எல்லாமே அப்படி என்றும் சொல்ல முடியாது. 2015-ல் வந்த 'அண்டர்டேல்' கேமை யாரையும் கொல்லாமலே முடிக்கலாம்.

அதனால் கேமைப் பிடுங்குவதற்கு முன்னால், பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று கேளுங்கள்: "இப்ப செத்தானே, அவனுக்கு யாருடா அழுவாங்க?"