கை போன இசக்கியும் கை தட்டிய நாங்களும்

ஒரு படத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை எடுத்தவர்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். கதை யாருடையது, கேமரா யாருடையது, எத்தனை விருது, எத்தனை நாள் ஓட்டம். தரை டிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தவன் என்ன பார்த்தான், ஊருக்குத் திரும்பி என்ன செய்தான் என்பது எழுத்தில் ஏறுவது அபூர்வம். அதிலும் ஊருக்கு இரண்டு தெரு இருக்கும்போது, இரண்டு தெருக்காரர்களும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்களா என்று கேட்பவர்கள் இன்னும் குறைவு. ‘தேவர் மகன்’ படத்தை வைத்து அதைக் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன். அந்தப் படத்துக்குக் கை தட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதால் இது எனக்கு நானே எழுதிக்கொள்ளும் வாக்குமூலமும்கூட.

1992 தீபாவளி அன்று, அக்டோபர் 25ஆம் தேதி, படம் வெளியானது. இயக்கம் பரதன். கதை, வசனம், தயாரிப்பு, நாயகன் எல்லாம் கமல்ஹாசன். எனவே எங்களுக்கு அது கமல் படம்தான். தமிழில் அந்த ஆண்டின் சிறந்த படம் என்று தேசிய விருது கிடைத்தது. ரேவதிக்கும் பாடகி ஜானகிக்கும் விருது. சிவாஜி நடிப்புக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது. ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதும் இந்தப் படமே. பத்திரிகைகள் கொண்டாடின. அறிவுஜீவிகள் வன்முறைக்கு எதிரான காவியம் என்றார்கள். லண்டனில் படித்துவிட்டு வரும் மகன், ஊரைக் கட்டியாளும் தகப்பன், பங்காளிப் பகை, கடைசியில் தன் கையாலேயே ஒரு தலையை வெட்ட நேர்ந்து, அருவாளைக் கீழே போடச் சொல்லி, பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்லிவிட்டு ஜெயிலுக்குப் போகும் நாயகன். அந்த நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. என் கேள்வி வேறு.

எங்க ஊர்ல அப்போ ரெண்டு கமல் மன்றம் இருந்தது. ஊர்த்தெருவில் ஒண்ணு, எங்க காலனியில் ஒண்ணு. கமல் தன் ரசிகர் மன்றங்களை நற்பணி மன்றங்களாக மாற்றிய முதல் நடிகர். ரத்ததானம் செய்யச் சொன்னவர். நாங்களும் கொடுத்தோம். ரத்தம் கொடுக்க ஒரே வரிசையில் படுத்தவர்கள், ஊருக்குத் திரும்பி டீக்கடைக்குப் போனால் வேற வேற கிளாஸ். இது எங்களுக்கு அன்று முரணாகவே படவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன டவுனில்தான் படம் பார்த்தோம். கட்-அவுட்டுக்கு மாலை போட மூங்கில் சாரத்தில் ஏறியவன் எங்க தெருப் பையன். ஏறத் தெரிந்தவன் அவன்தான். உள்ளே போனதும் ஊர்த்தெருக்காரர்கள் ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம் என்று தானாகவே பிரிந்தது. சிவாஜி திரையில் வந்தபோது ரெண்டு பக்கமும் விசில். ‘போற்றிப் பாடடி’ என்று தொடங்கும் அந்தப் பாட்டு வந்தபோது ஒரு பக்கம் முழுசும் எழுந்து நின்றது. துண்டைச் சுழற்றினார்கள். நாங்களும் எழுந்தோம், தலைவர் படத்துப் பாட்டு அல்லவா? ஆனால் அவர்கள் திரையைப் பார்த்து ஆடவில்லை, எங்களைத் திரும்பிப் பார்த்து ஆடினார்கள். முதன்முதலாக எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்காரப் பயமாகவும் இருந்தது.

அப்புறம் இசக்கி வந்தான். வடிவேலு. பூட்டிக் கிடக்கும் கோயில் பூட்டை, சின்ன எஜமான் சொன்னதும் உடைக்கிறவன். அதற்கு விலையாக அவன் கை வெட்டப்படுகிறது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, மிஞ்சியிருக்கும் ஒற்றைக் கையைப் பற்றி அவன் ஏதோ வேடிக்கையாகப் பேச, கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். இசக்கி எந்தச் சாதி என்று படம் அழுத்திச் சொல்லவில்லை. அந்தப் பெயரும், அந்த நிற்கும் நிலையும், ஏவினால் செய்யும் அந்த உடம்பும் யாருடையவை என்று தென்மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு வாரம் கழித்து எங்க அப்பாவும் பார்த்துவிட்டு வந்தார். வயல்வேலைக்காரர், சிவாஜி என்றால் உயிர். எப்படிப்பா படம் என்று கேட்டேன்.

“படம் நல்லாத்தாம்லே இருக்கு. சிவாஜி சிவாஜிதான். ஆனா அந்தக் கை போன பயலுக்கு ஒரு நீதியும் சொல்லலியேலே?”

எனக்கு எரிச்சலாக இருந்தது. “அது காமெடி கேரக்டருப்பா” என்றேன்.

“கை போனது காமெடியாலே?” என்று கேட்டுவிட்டு அவர் படுக்கப் போய்விட்டார். காலேஜில் படித்துக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கேள்வி புரியவே சில வருஷம் ஆனது.

படம் வெளியான 5ஆம் நாள், அக்டோபர் 30, பசும்பொன்னில் முத்துராமலிங்கத் தேவர் குருபூஜை. அந்த நாளுக்கென்றே பாட்டுப் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாட்டு படத்தை விட்டு இறங்கி ஊர்வலத்தில் ஏறிக்கொண்டது. கல்யாண வீடு, காதுகுத்து, கோயில் கொடை, ஜெயந்தி வேன் எல்லாவற்றிலும் அதே பாட்டு. எங்க காலனி முக்கு வந்ததும் டேப்பில் சத்தத்தைக் கூட்டுவார்கள். ஒரு நாள் பஸ்சில் எங்க பையன் ஒருத்தன், “அண்ணாச்சி, கொஞ்சம் பாட்டைக் கொறைங்களேன்” என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். அவனை அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டு அடித்தார்கள். கட்-அவுட்டில் ஏறி மாலை போட்டவனும் அவன்தான். அன்றைக்கு ராத்திரியே எங்க மன்றத்துப் போர்டைக் கழற்றி மாட்டுத் தொழுவத்துக்குக் கதவாக வைத்தோம். ஊர்த்தெரு மன்றத்துத் தம்பிகள் சிலர் மறுநாள் வந்து, “தலைவர் அப்படிச் சொல்லலியே, படத்த நீங்க சரியாப் பாக்கல” என்றார்கள். கடைசிக் காட்சியைச் சொன்னார்கள். எந்தக் காட்சியின் பேரால் அடி விழுந்ததோ அதைப் பற்றிப் பேசவில்லை.

இங்கேதான் படத்தின் கட்டுமானத்தையே பார்க்க வேண்டியிருக்கிறது. நல்ல தேவர், கெட்ட தேவர் என்று சண்டை ஒரே சாதிக்குள் ஒரே குடும்பத்துக்குள் நடக்கிறது. கோயில், கரை, பாதை எல்லாம் அந்தப் பங்காளிகளின் வழக்குப் பொருள்கள். கரை உடைந்து வெள்ளம் வந்து சாகிறவர்கள் பெயரில்லாத பிணங்கள். அந்தப் பிணங்களைப் பார்த்து நாயகன் திருந்துகிறான், பொறுப்பேற்கிறான். அதாவது எங்கள் சாவு அவர்களுடைய மனமாற்றத்துக்கு உதவுகிறது. வன்முறை வேண்டாம் என்கிற படம், ஊரை ஆளும் உரிமை யாருக்கு என்பதைக் கேள்வி கேட்கவில்லை. நல்லவனாகப் பார்த்து அந்த நாற்காலியில் உட்காரவைக்கிறது. ரசிகன் கடைசி 10 நிமிஷத்து உபதேசத்தை விட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்து மீசையை எடுத்துக்கொண்டான் என்றால், படம் அவன் கையில் அதிகமாகக் கொடுத்ததும் மீசையைத்தானே?

இந்த ஒரு படத்தை மட்டும் தனியே பிடித்து நிறுத்துவதும் நியாயமில்லை. அதே 1992 பொங்கலுக்கு ‘சின்னக் கவுண்டர்’, 1993இல் ‘எஜமான்’, 1994இல் ‘நாட்டாமை’. மண்டல் பரிந்துரை அமலாக்கப்படும் என்று 1990இல் அறிவிக்கப்பட்டதையும் 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டையும் ஒட்டி ஒடுக்கப்பட்ட மக்கள் நிமிர்ந்த அதே காலத்தில், திரையில் பஞ்சாயத்துத் திண்ணைகள் பெருகின. வயலில் கும்பிடு குறையக் குறைய, திரையில் கும்பிடு கூடியது.

வெளியே என்ன நடந்தது? 1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளைச் சூறையாடியது. வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்தும் மேலே வந்த தலித் ஊர் அது. பாஸ்போர்ட்டுகளும் படிப்புச் சான்றிதழ்களும் அழிக்கப்பட்டன. பிள்ளைகளைப் படிக்க வை என்ற படத்தின் அறிவுரையை அந்த ஊர் முன்பே கேட்டு நடந்திருந்தது. அதற்குக் கிடைத்த பரிசு அதுதான். 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் என்று அரசு அறிவித்ததும், தலித் பெயர் எழுதிய பஸ்சில் ஏற மாட்டோம் என்று கலவரம். கடைசியில் எல்லாத் தலைவர்களின் பெயரையும் கழகங்களிலிருந்து நீக்கினார்கள். பஸ்சில் பாட்டு இருக்கலாம், எங்க வீரன் பெயர் இருக்கக் கூடாது. அதே ஆண்டு ஜூன் 30இல் மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் பஸ்சை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். முருகேசனின் தலை துண்டிக்கப்பட்டது. சினிமா பார்த்து வெட்டினார்கள் என்று பேசுவது மடத்தனம். அருவாள் சினிமாவுக்கு முந்தியது. ஆனால் அருவாளுக்கு ஒரு இசை கிடைத்தது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு.

இந்த நினைவோடுதான் 2003ஐப் பார்க்க வேண்டும். கமல் தானே இயக்கும் படத்துக்கு ‘சண்டியர்’ என்று பெயர் வைத்தார். டாக்டர் கிருஷ்ணசாமி எதிர்த்தார். ரசிகர்களும் எழுத்தாளர்களும் கருத்துச் சுதந்திரம் என்று கொதித்தார்கள். படம் வருமுன்பே எதிர்க்கலாமா என்றார்கள். தலைப்பு ‘விருமாண்டி’ ஆகி, 2004 பொங்கலுக்கு வந்தது. தூக்குத் தண்டனைக்கு எதிராகப் பேசும், கவனமாகச் செய்த படம்தான். தலைப்பைத் தடுக்கும் வழி எனக்கு உவப்பில்லை. ஆனாலும் எங்க தெருவில் அன்று கேட்ட குரல் கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானதல்ல. “போன தடவை நீங்க அருவாளைப் போடச் சொன்னீங்க, எங்களுக்குப் பாட்டுத்தான் வந்து சேந்துச்சு. இந்தத் தடவை தலைப்பு மட்டும் வந்து சேந்துட்டா?” என்ற பயம் அது. அதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் குறைவு.

2023 ஜூன் மாதம், ‘மாமன்னன்’ இசை வெளியீட்டு விழாவில், கமலை எதிரே வைத்துக்கொண்டே மாரி செல்வராஜ் பேசினார். ‘தேவர் மகன்’ தனக்குள் ஏற்படுத்திய காயமும் இந்தப் படத்துக்குக் காரணம், அந்த இசக்கிதான் இதில் மாமன்னன் என்கிற பொருளில். கமல் ரசிகர்களில் பலர் கோபப்பட்டார்கள். நான் எங்க அப்பாவை நினைத்துக்கொண்டேன். 31 வருஷம் கழித்து அவர் கேள்வியை ஒருவர் மேடையில் கேட்கும்போது அவர் இல்லை.

படம் பார்த்தேன். அதே வடிவேலு. எதிரே நாற்காலி இருந்தும் உட்காராமல் நிற்கும் சட்டமன்ற உறுப்பினர், கடைசியில் சபாநாயகர் இருக்கையில் உட்காருகிறார். கொட்டகையில் அழுதேன். ஆனால் கதை அதோடு முடியவில்லை. சில வாரங்களில் என் மகள் செல்போனைக் கொண்டுவந்து காட்டினாள். படத்தில் நாயை அடித்துக் கொல்லும் ஆதிக்கச் சாதி வில்லன் ரத்னவேலுவின் காட்சிகளை வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டுகளை ஒட்டி, அவனையே நாயகனாக்கிச் சுற்றவிட்டிருந்தார்கள். “என்னப்பா இது, படத்தையே பாக்காம பேசுறாங்களா?” என்றாள். “பாத்துட்டுத்தாம்மா பேசுறாங்க” என்றேன். சாதி ஒழிப்பு பேசும் படத்திலும் அவர்கள் தங்கள் மீசையைத் தேடி எடுத்துக்கொண்டார்கள்.

இதனால் 1992இல் எடுத்தவர்கள் மீது குற்றமே இல்லை என்றாகிவிடாது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ‘மாமன்னன்’ வில்லனை நாயகனாக்க அவர்கள் படத்தை வெட்டி, வேறு பாட்டை ஒட்ட வேண்டியிருந்தது. ‘தேவர் மகன்’ படத்தில் எதையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. பாட்டு உள்ளேயே இருந்தது.

எங்க மன்றத்தில் இருந்தவர்களில் பலர் இன்று ஊரில் இல்லை. திருப்பூர், சென்னை, சவுதி என்று சிதறிவிட்டார்கள். பஸ்சில் அடிபட்டவனைப் போன வருஷம் பார்த்தேன். “இப்பவும் கமல் படம் வந்தா மொத நாளே போயிருவேன். அவர் நடிப்ப வெறுக்க முடியுமாலே? அந்தப் பாட்டு வந்தா மட்டும் எந்திரிச்சு வெளிய வந்துருவேன்” என்றான். ரசிகனாகவும் அடிபட்டவனாகவும் ஒரே ஆளாக இருப்பவனின் விமர்சனம் இது. இப்படிப்பட்ட பேச்சுகள் ஒவ்வொரு காலனியிலும் கிடக்கின்றன. அவற்றை யாராவது கேட்டு எழுத வேண்டும். இந்த இதழைப் படிக்கிற தோழர்கள் அவரவர் தெருவில் கேட்டு எழுதுங்கள். எங்க அப்பாவிடம் நான் முழுசாகக் கேட்காமல் விட்டுவிட்டேன்.