சாருமதியின் சரடு

வரலட்சுமி நோன்புக்கு முந்தைய வியாழக்கிழமை மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் மாக்கோலம் இட்டு, அதன்மேல் மணைப்பலகை போட்டு, வாழையிலையில் பச்சரிசி பரப்பிக் கலசம் வைப்பார்கள். கலசத்துக்குள் அரிசி, வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், மஞ்சள், ஒரு வெள்ளிக் காசு. மேலே மாவிலைக் கொத்தும் மஞ்சள் பூசிய தேங்காயும். அதில் வெள்ளி முகம் பதித்து, காதோலை கருகமணி சாத்தி, தாழம்பூ வைத்துவிட்டால் அம்மன் வந்துவிட்டாள். மறுநாள் பூசை, கொழுக்கட்டை, வலக்கையில் ஒன்பது முடிச்சிட்ட மஞ்சள் சரடு. சனிக்கிழமை புனர்பூசை முடிந்ததும் கலசம் அரிசிப் பானைக்குள் போய்விடும். ஆண்டு முழுதும் பானை குறையாதிருக்கும் என்பது நம்பிக்கை.

இவ்வளவையும் முறை தவறாமல் நடத்தியவர் எங்கள் அத்தைப்பாட்டி. பூரணம் கிளறுவதும், சரட்டுக்கு முடிச்சிடுவதும், எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று சொல்வதும் அவரே. நோன்புக் கதை அவருக்கு மனப்பாடம். ஆனால் பூசை தொடங்கும் வேளையில் அவர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருப்பார். பத்தொன்பது வயதில் கணவரை இழந்தவர். "நீங்கள் ஏன் சரடு கட்டிக்கொள்வதில்லை?" என்று சிறுவயதில் நாங்கள் கேட்டபோது, "அதெல்லாம் எனக்கு இல்லை" என்றார். அந்த 'இல்லை' எப்போது, எதனால் வந்தது என்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோன்பு என்னும் சொல் பழையது. 'நோல்' என்னும் வினையடியிலிருந்து வந்தது; பொறுத்தல், தாங்குதல் என்பது அடிப்படைப் பொருள். 'நோன்மை' என்றால் வலிமை. தனக்கு வந்த துன்பத்தைத் தாங்குவதையும் பிற உயிர்க்குத் தீங்கு செய்யாதிருப்பதையும் தவத்தின் வடிவமாக வள்ளுவர் சொல்லும்போது இந்தச் சொல்லைத்தான் ஆள்கிறார். பெண்கள் கூடி நோற்கும் நோன்பும் தமிழுக்குப் புதிதன்று. பரிபாடலின் 11ஆம் பாடல் வையையில் கன்னியர் தைந்நீராடுவதைக் காட்டுகிறது. ஆண்டாளின் திருப்பாவையும் மணிவாசகரின் திருவெம்பாவையும் மார்கழி நீராட்டைப் பாடுகின்றன. இவற்றில் ஓர் ஒற்றுமையைக் காணலாம். நோற்பவர் கன்னியர், இடம் தெருவும் நீர்த்துறையும், வேண்டுவனவற்றுள் முதன்மையானது நாட்டுக்கு மழை.

வரலட்சுமி நோன்பு இதற்கு நேர்மாறானது. நோற்பவர் மணமான பெண். இடம் வீட்டின் உள்கூடம். வேண்டுவது குடும்பத்தின் செல்வம். இது வேறொரு வழியில் நம் வீடுகளுக்குள் வந்திருக்க வேண்டும். தடயங்கள் பூசையிலேயே இருக்கின்றன. சிராவண மாதத்துப் பௌர்ணமிக்கு முந்தைய வெள்ளி என்பது இதன் கணக்கு. சிராவணம் சந்திரமானத் திங்கள். சூரியமானத்தைக் கொண்ட தமிழ் மாதத்தில் இந்நாள் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2023இல் ஆவணி 8ஆம் நாள் (ஆகஸ்ட் 25) வந்தது. 2024இல் ஆடியின் கடைசி நாள் (ஆகஸ்ட் 16) வந்தது. 2025இல் ஆடி 23 (ஆகஸ்ட் 8). தெலுங்கரும் கன்னடரும் கைக்கொள்ளும் சந்திரமான ஆண்டில்தான் இது இயல்பாகப் பொருந்துகிறது. இது ஒன்றே முடிந்த சான்று ஆகிவிடாது. நம் பண்டிகைகளில் வேறு சிலவும் திதியைப் பார்த்து வருவனவே. ஆனால் பாட்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மனை அழைப்பது தெலுங்குப் பாட்டால். ஆரத்திக்கு முன் பாடுவது திருமகளை இல்லத்துக்கு வரச்சொல்லும் புரந்தரதாசரின் கன்னடப் பதம். இன்றும் தமிழ்நாட்டில் எல்லா வீடுகளிலும் இந்நோன்பு இல்லை. சம்பந்தம் பேசும்போதே "உங்கள் வீட்டில் நோன்பு வழக்கம் உண்டா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வியே ஒரு வரலாற்றுக் குறிப்புத்தான்.

காலத்தைப் பற்றி உறுதியான ஒரு கல்லாவது கிடைக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) ஸ்ரீராகத்தில் வரலட்சுமியின்மேல் ஒரு கிருதி செய்திருக்கிறார். சிராவணப் பௌர்ணமிக்கு முந்தைய வெள்ளியும், சாருமதி என்னும் பெண்ணின் பெயரும் அதில் வருகின்றன. ஆக, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் நாளும் கதையும் இன்றுள்ள வடிவில் நிலைபெற்றுவிட்டன என்று கொள்ளலாம்.

யார் அந்தச் சாருமதி? பவிஷ்யோத்தர புராணத்தைச் சேர்ந்தது என்று பூசைப் புத்தகங்கள் சொல்லும் கதையில், குண்டினம் என்னும் நகரத்தில் வாழ்ந்த இல்லத்தரசி அவள். அரசியல்லள், முனிபத்தினியும் அல்லள். மாமியார் மாமனாரைப் பேணி, அளவாகப் பேசி வாழ்ந்தவள். திருமகள் அவள் கனவில் வந்து நோன்பைச் சொல்கிறாள். சாருமதி அதைத் தனக்கென்று ஒளித்து வைக்கவில்லை. அயல்வீட்டுப் பெண்களுக்கெல்லாம் சொல்கிறாள். எல்லோரும் சேர்ந்து நோற்று வலம் வருகையில் ஒவ்வொரு சுற்றிலும் அவர்கள் உடலில் அணிகள் பூக்கின்றன. கிடைத்ததை அண்டை வீட்டாரோடு பகிர்ந்தவள் என்பதே இக்கதையின் அழகு.

அணிகள் பூத்தன என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நிலம் வந்ததாகவோ வீடு வந்ததாகவோ முதலில் சொல்லப்படவில்லை. கால் சிலம்பும் கை வளையுமே வந்தன. மிதாட்சர முறையில் பெண்ணுக்கு உரியது சீதனம் மட்டுமே. குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை ஆண்மக்களுக்கே இருந்தது. கூட்டுக்குடும்பத்தில் கணவனை இழந்தவளுக்குச் சீவனாம்சம் உண்டு, பங்கு இல்லை. 1937ஆம் ஆண்டுச் சட்டம்தான் கைம்பெண்ணுக்குக் கணவன் பங்கில் உரிமை தந்தது. அதுவும் ஆயுட்காலத்துக்கு மட்டும் உரிய வரம்புள்ள உரிமை. அவ்வரம்பை 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் நீக்கியது. மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு ஒப்பான உரிமை தமிழ்நாட்டில் 1989இல் வந்தது. அந்த மார்ச் 25க்கு முன் மணமாகிப் போனவர்களுக்கு அது எட்டவில்லை. 2005இல் நடுவண் அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டையும் களைந்தது.

இந்த ஆண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நோன்பைப் பார்த்தால் அத்தைப்பாட்டியின் 'இல்லை' வேறு விதமாக ஒலிக்கிறது. செல்வம் வேண்டும் நோன்பில் கணவனின் ஆயுளும் ஏன் சேர்ந்தே வேண்டப்படுகிறது? அன்பு ஒரு காரணம்; ஐயமில்லை. ஆனால் அன்றைய பெண்ணுக்கு அவ்விரண்டும் ஒன்றாகவே இருந்தன. கணவன் உள்ளவரைதான் அரிசிப் பானை அவளுடையது. அவன் போனபின் அதே பானையிலிருந்து பிறர் அளந்து போட்டதையே அவள் உண்டாள். சட்டம் கட்டிய முடிச்சு ஒன்று சரட்டிலும் ஏறிக்கொண்டது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. மங்கலம், அமங்கலம் பற்றிய பழைய எண்ணங்களும் இதில் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும், சட்டம் தன் முடிச்சை அவிழ்த்துப் பல்லாண்டுகள் ஆனபிறகும் மணைப்பலகைக்கு முன்னால் அது அவிழவில்லை.

நோன்பைப் பழிப்பது எங்கள் நோக்கமன்று. கொழுக்கட்டை மாவின் பதமும், அந்தி நேரத்து அழைப்புப் பாட்டும், மஞ்சளின் வாசமும் எங்களுக்குக் கிடைத்த சொத்துகள். அவற்றை எங்களுக்குத் தந்தவர்களுள் முதல்வர் கதவுக்குப் பின்னால் இருந்தார் என்பதே உறுத்தல்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தந்தையார் காலமானார். அவ்வாண்டு நோன்பு இல்லை. மறு ஆண்டு கலசம் வைத்தபோது அம்மா தாமாகவே சமையலறைப் பக்கம் ஒதுங்கினார். வீட்டின் மருமகள் போய், "அத்தை, கதை நீங்கள்தான் படிக்க வேண்டும். எனக்குச் சமஸ்கிருதப் பெயர்கள் வாயில் நுழையாது" என்று அழைத்து வந்தாள். அம்மா பலகைக்கு முன் அமர்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குண்டின நகரத்தில் தொடங்கி அணிகள் பூத்ததுவரை ஒரு சொல் விடாமல் படித்தார். சரட்டை நீட்டியபோது மட்டும், "அது வேண்டாம், இருக்கட்டும்" என்றார். யாரும் வற்புறுத்தவில்லை.

அன்று மிஞ்சிய சரடு குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் முடிச்சிடும்போது வீட்டிலுள்ள பெண்களை எண்ணுகிறோம். அம்மாவையும் சேர்த்தே எண்ணுகிறோம்.